அண்ணாந்து பார்க்க வேண்டிய சித்திரங்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்றால் அதியமான்கோட்டை என்னும் ஊர் வரும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் பெயரைத் தாங்கிய ஊர் இது. சாலையில் லாரிகள் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. அவற்றில் செல்வோரில் நூற்றில் ஒருவரேனும் இவ்வூரில் இறங்கிப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. நாமும் பலமுறை இறங்காமல் சென்றவர்கள்தாம். ஆகையால் பிறரைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.

இம்முறை இறங்கினோம். சாலையோர வேலிகளில் சப்பாத்திக் கள்ளி முள்ளும் மடலுமாய் அடர்ந்து கிடந்தது. வறண்ட பூமிக்கு அடையாளமாக நாம் காட்டும் இச்செடி நம் நாட்டுச் செடியே அன்று என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்ஸிகோவிலும் பெருவிலும் இக்கள்ளியின் மடல்களில் ஒருவகைச் சிறு பூச்சியை வளர்ப்பார்கள். அதனை உலர்த்திப் பொடித்தால் இரத்தம் போன்ற செஞ்சாயம் கிடைக்கும். அந்நாடுகளைப் பிடித்து ஆண்ட ஸ்பானியர் வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பெரும் பொருள் ஈட்டியது இச்சாயத்தில்தான். பூச்சியின் மர்மத்தைப் பிற நாட்டார் அறியாதபடி நெடுங்காலம் காத்தும் வந்தார்கள். ஆங்கிலக் கம்பெனியாருக்கு இதில் பொறாமை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் வைத்தியர் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-ம் ஆண்டில் பிரேஸிலிலிருந்து பூச்சியும் கொண்டுவரப்பட்டது. வந்தது தாழ்ந்த ரகம். எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. சாயம் போயிற்று, கள்ளி மட்டும் தென்னாடெங்கும் வேரூன்றி நின்றுவிட்டது.

கோயிலைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் கள்ளியைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று நேயர்கள் கேட்கலாம். ஸ்பானியர் ஆண்ட அமெரிக்க நாடுகளில் தேவமாதாவின் ஆடைக்கும் தேவதூதர்களின் சிறகுக்கும் சிவப்பு ஏற்றியது அந்தப் பூச்சியின் சாயம். அதியமான்கோட்டைக் கோயிலின் விதானத்தில் நாம் கண்ட சிவப்போ வேறு. இந்நாட்டுச் சித்திர மரபில் செம்மண்ணைக் குழைத்துச் செய்யும் காவி. அந்த இரண்டு சிவப்புக்களையும் பற்றியதே இக்கட்டுரை.

சென்றாயப் பெருமாள் கோயில் அளவில் பெரியது அன்று. வானளாவும் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். மகாமண்டபத்துள் நுழைந்து, வெயிலில் கூசிய கண் இருளுக்குப் பழகும்வரை சற்றே நின்று, பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டும். விதானத்தில் பாரதக் கதையும் இராமகாதையும் சித்திரமாக எழுதப்பட்டிருக்கின்றன. கண்ணபிரானின் விசுவரூப தரிசனமும் அங்கே உண்டு. சில இடங்களில் காரை உதிர்ந்து வெறும் கல் தெரிகிறது. சில இடங்களில் விளக்குப் புகை படிந்து கருத்திருக்கிறது. எஞ்சிய இடங்களில் கோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு முழங்கை மடங்கும் விதத்திலும், ஒரு கண்ணின் ஓரம் காதை நோக்கி நீளும் விதத்திலும், எழுதியவனின் கைப்பழக்கத்தை நாம் உணரலாம்.

இந்த மரபிலே சித்திரம் எழுதும் முறை எளிதாகத் தோன்றும், செய்வது எளிதன்று. முதலில் கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதனை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். காவியால் உருவங்களின் எல்லைக்கோட்டை வரைந்து, உள்ளே வர்ணம் நிரப்பி, கடைசியில் கரிக்கோட்டால் கண்ணும் அணிகளும் ஆடை மடிப்பும் எழுதி முடிக்க வேண்டும். காவி, மஞ்சள் மண், பச்சை மண், சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரி: பெரும்பாலும் இவைதாம் வர்ணங்கள். கடல் கடந்து ஒன்றும் வரவேண்டியதில்லை. சுவரில் எழுதுபவன் தன் வேலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எழுதுவான். விதானத்தில் எழுதுபவன் சாரத்தின்மேல் முகத்தை மேல் நோக்கித் திருப்பியபடி, வர்ணம் கண்ணில் சொட்டச் சொட்ட எழுத வேண்டும். அரைமணி நேரம் பார்த்ததற்கே நமக்குப் பிடரி வலித்தது.

நாம் தூணில் சாய்ந்து பிடரியைத் தடவிக்கொண்டிருக்கையில், தரிசனத்திற்கு வந்த ஒரு முதியவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். தலையில் துண்டு, கையில் ஊன்றுகோல். "என்னங்க சாமி, மேல பாத்து மலைச்சுப் போயிட்டீங்க?" என்றார்.

"எது எந்தக் கதை என்று தெரியவில்லை, பெரியவரே" என்றோம்.

"இதிலே தெரியாம போக என்னங்க இருக்குது? இந்தப் பக்கம் பாரதம், அந்தப் பக்கம் ராமாயணம். சின்ன வயசிலே இருந்து எங்க ஊர்லே பாரதக் கூத்து பாத்துக்கிட்டு வரேனுங்க. கிரீடத்தைப் பாத்தாலே ராஜா யாரு, மந்திரி யாருன்னு சொல்லிப்புடலாம். கூத்து பாத்தவனுக்கு எழுத்து எதுக்குங்க?"

விசுவரூபத்தின் கீழ் வந்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். நமக்கு அது சித்திரம். அவருக்கு அது சந்நிதி.

தர்மபுரிச் சீமையில் திரௌபதியம்மன் கோயில்களுக்குக் குறைவில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்று பாரதம் இங்கே ஊர்ச் செய்தி போலவே வழங்கிவருகிறது. ஆகவே விதானத்தை எழுதியவனும், கூத்தில் அரிதாரம் பூசியவனும், திண்ணையில் கதை கேட்டவனும் ஒரே கதையின் மூன்று கூட்டாளிகள். மேலே எழுதியது கீழே இருப்பவர்க்குத் தெரிந்த கதை. இந்தச் சாதாரண உண்மை எவ்வளவு அரிய பேறு என்பதை, அது பறிபோன நாடுகளின் சரித்திரத்தைப் பார்த்தால்தான் உணர முடிகிறது.

தமிழில் சித்திரத்தை 'எழுதுகிறோம்'. கண்ணுக்கு மை 'எழுதுகிறோம்'. எழுத்து என்னும் சொல் ஒரு காலத்தில் ஓவியத்தையும் குறித்தது. மெக்ஸிகோவின் பழங்குடியினர் பேசும் நாவாத்தல் மொழியிலும் இப்படியே. அங்கே 'த்லாகுய்லோ' என்றால் எழுதுபவன், சித்திரக்காரனும் அவனே. தேவர்களின் கதை, அரசர்களின் வமிசம், நாள் நட்சத்திரக் கணக்கு எல்லாவற்றையும் மான்தோலிலும் மரப்பட்டைத் தாளிலும் அவன் உருவங்களாக எழுதிவைத்தான். 1521-ம் ஆண்டில் ஸ்பானியர் மெக்ஸிகோவின் தலைநகரைப் பிடித்தார்கள். கோயில்கள் இடிந்தன, ஏடுகள் எரிந்தன. 1562-ல் யூக்கட்டான் பிரதேசத்தில் மானி என்னும் ஊரில் டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயா மக்களின் ஏடுகளையும் விக்கிரகங்களையும் குவித்துத் தீயிட்டார். சித்திரமும் எழுத்தும் ஒன்றாயிருந்த நாட்டில் ஏட்டை எரிப்பது இரண்டையும் ஒருங்கே எரிப்பதாகும். கதை போயிற்று. ஆனால் எழுதும் கை இருந்தது.

அந்தக் கை வெற்றி கொண்டவர்களுக்குத் தேவைப்பட்டது. புதிய கோயில்கள் ஆயிரக்கணக்கில் எழும்பின; அவற்றின் சுவர்களை நிரப்ப ஐரோப்பாவிலிருந்து எத்தனை சித்திரக்காரர்களைக் கப்பலேற்ற முடியும்? பெத்ரோ டி காந்தே என்ற பாதிரியார் மெக்ஸிகோ நகரில் பள்ளி வைத்து நாட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரமும் கைத்தொழிலும் கற்பித்தார். பிள்ளைகள் வியக்கத்தக்க வேகத்தில் கற்றார்கள். வர்ண இறகுகளை ஒட்டிச் சித்திரம் செய்வது அந்நாட்டின் புராதனக் கலை. 1539-ல் அம்முறையிலேயே கிறிஸ்தவ வழிபாட்டுக் காட்சி ஒன்றைச் செய்து போப்பாண்டவருக்குக் காணிக்கையாக்கினார்கள். அது இன்றும் பிரான்ஸ் தேசத்து ஓஷ் நகரக் காட்சிசாலையில் இருக்கிறது. பழைய தேவர்களை அலங்கரித்த இறகு, புதிய தேவனையும் அலங்கரித்தது.

இக்ஸ்மிகில்பான் என்னும் ஊரில் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று உண்டு. அதன் சுவர்களில் நாட்டுப் போர்வீரர்கள் புலித்தோலும் கழுகிறகும் அணிந்து போர் செய்கிறார்கள். அவர்களுக்கிடையே பாதி மனிதனும் பாதி குதிரையுமான கிரேக்கப் புராண உருவங்களும் நிற்கின்றன. தேவாலயச் சுவரில் இவை வந்த காரணத்தை அறிஞர்கள் பலவாறு விளக்குவர். நமக்குத் தோன்றுவது ஒன்றுதான். குதிரையை அறியாத நாட்டில் ஸ்பானியர் குதிரைமேல் வந்து இறங்கினார்கள். பாதி மனிதன் பாதி குதிரை என்பது அங்கே புராணம் அன்று. கண்ணால் கண்ட கொடுமை. இச்சித்திரங்கள் பிற்காலத்தில் சுண்ணாம்புப் பூச்சின் அடியில் மறைந்துகிடந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் வெளிவந்தன.

பெரு நாட்டின் கூஸ்கோ நகரத்துக் கதை இன்னும் சுவையானது. இன்கா சக்கரவர்த்திகளின் ராஜதானி அது. இயேசு சபையைச் சேர்ந்த பெர்னார்தோ பித்தி என்ற இத்தாலியர் 1575-ல் பெருவிற்கு வந்து ஐரோப்பிய முறையைக் கற்பித்தார். நூறு ஆண்டுகளுக்குள் நாட்டுச் சித்திரக்காரர்கள் ஆசிரியர்களை மிஞ்சிவிட்டனர். ஸ்பானியச் சித்திரக்காரர்களோடு ஒரே சங்கத்தில் இருந்த அவர்கள் 1688-ல் பிணங்கிப் பிரிந்தார்கள். அதன் பிறகு அவர்கள் எழுதியவற்றில் ஐரோப்பிய தூர தரிசன விதிகள் தளர்கின்றன. உருவங்கள் தட்டையாகின்றன, ஆடையெல்லாம் பொன்னாலான பூவேலை, சோலையெங்கும் வர்ணப் பறவைகள். ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் இதனைத் தேர்ச்சிக் குறைவு என்றே எழுதிவந்தார்கள். நம் தஞ்சாவூர்ப் படங்களையும் இதே வாய்தான் குறைகூறியது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்தச் சித்திரங்களில் தேவதூதர்கள் சரிகை உடையும் இறகுத் தொப்பியும் அணிந்து, தோளில் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார்கள்! வேதத்தில் இல்லாத இத்தோற்றம் ஆண்டீஸ் மலைநாட்டில் மிகவும் பிரியமானதாயிற்று. கூஸ்கோ பிரதான தேவாலயத்தில் மார்க்கோஸ் ஸபாத்தா எழுதிய கடைசி இராப்போஜனச் சித்திரத்தில், இயேசுநாதர் முன் தட்டில் கிடப்பது ஆட்டுக்குட்டி அன்று. மலைநாட்டார் விருந்துக்குச் சமைக்கும் 'கூய்' என்ற சிறு பிராணி. வெள்ளிச் சுரங்கத்தால் புகழ்பெற்ற போட்டோஸியில் இன்னும் துணிவு. அங்கே தேவமாதாவின் ஆடையே மலையாகிவிட்டது. சுரங்க மலையின் முகட்டில் மாதாவின் முகமும், இருபுறச் சரிவிலும் இரண்டு கைகளும் தெரிகின்றன. மலையையும் பூமியையும் தாயாக வணங்கிய குடிகளின் நாடு அது. எழுதியவன் மனத்தில் எந்தத் தாய் இருந்தாள் என்று எந்த அதிகாரி விசாரித்துக் கண்டுபிடிக்க முடியும்?

1681-ல் டியேகோ கிஸ்பே டீட்டோ என்ற இந்தியச் சித்திரக்காரர் (அந்நாட்டுக் குடிகளுக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் இந்தியர்தான்) கூஸ்கோ தேவாலயத்திற்காக ராசிகளைப் பற்றிய சித்திர வரிசை ஒன்றை எழுதினார். ஒவ்வொரு ராசிக்கும் இயேசுவின் உவமைக் கதை ஒன்று துணையாக நிற்கும். சூரிய சந்திரரை வணங்கிய மக்களின் மனத்தை வானத்திலிருந்து வேதத்திற்குத் திருப்புவது நோக்கம் என்பர். இதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டவை பெல்ஜியம் நாட்டு அச்சுப் படங்கள். அந்நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரத்து அச்சுக்கூடங்களிலிருந்து அக்காலத்தில் உலகெங்கும் வேதப் படங்கள் பரவின.

அதே ஆன்ட்வெர்ப் அச்சு நம் நாட்டுக்கும் வந்தது. 1580-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆதரவில் அச்சான பன்மொழி வேதாகமத்தைப் பதேபூர் ஸிக்ரியில் அக்பர் பாதுஷாவுக்குக் காணிக்கையளித்தார்கள். பாதுஷாவின் சித்திரக்காரர்கள் அத்தகைய படங்களைப் பார்த்து எழுதினார்கள், பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், பிடிக்காததை விட்டார்கள். கூஸ்கோவுக்கும் ஸிக்ரிக்கும் ஒரே படம் போயிற்று. ஓரிடத்தில் ஆணையாக, மற்றோரிடத்தில் விருந்தாளியாக. கலையில் அந்நியச் செல்வாக்கு நல்லதா கெட்டதா என்று நம்மவர் மேடையில் வாதிடும்போதெல்லாம், வந்த படத்தைக் காட்டிலும் அது வந்த விதத்தைக் கேட்பது நலம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அதியமான்கோட்டைக்கு அந்நிய ஆட்சி எப்படி வந்தது? தீவட்டியோடு வரவில்லை, கணக்குப் புத்தகத்தோடு வந்தது. 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பிரதேசம் கம்பெனியாரின் கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீட் துரையும், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். 1799 வரை மன்றோ இச்சீமையில் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து தீர்வை கட்டினார். பின்னாளில் ராஜதானி முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் நடை பழகியது. விதானத்துச் சித்திரங்கள் அதற்கு முன்னரே எழுதப்பட்டவை. அவற்றின்மேல் ஒருவரும் கைவைக்கவில்லை. மானியில் எரிந்தது போல இங்கே ஓர் ஏடும் எரியவில்லை.

அதே 1792-ல் தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் இருவர், சிற்றப்பனும் மகனும் முறையினர், பாராமகால் வழியாக யாத்திரை செய்தார்கள். ஜகதேவி, வீரபத்திர துர்க்கம் முதலிய மலைக்கோட்டைகளைப் பார்த்து எழுதினார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதியில் அவையும் உண்டு. அழகான படங்கள், மறுக்க மாட்டோம். பாறையில் மாலை வெயில் விழுவதை அவ்வளவு நுட்பமாக எழுதியவர் சிலர். ஆயினும் அப்படங்களில் மனிதர் எறும்பளவே. போரில் வென்ற மலையைத் தூரத்திலிருந்து பார்க்கும் பார்வை அது. இச்சீமையின் சித்திரம் என்று மேல்நாட்டார் நெடுங்காலம் அறிந்தது அந்தப் பார்வையைத்தான். மண்டபத்துள் நுழைந்து அண்ணாந்தால் தெரியும் சித்திரம் சந்தைக்கு வராத சித்திரம்.

கூஸ்கோவில் சித்திரக்காரனுக்குத் தன் கதையை எழுத உரிமையில்லை. வேலை மட்டும் குறையவில்லை. 1754-ல் அங்கே ஒரு பட்டறைக்காரர் ஏழு மாதத்தில் நானூறுக்கு மேற்பட்ட படங்களைத் தருவதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார் என்றால் தொழில் நடந்த வேகத்தை ஊகிக்கலாம். இங்கோ நேர்மாறு. கதைக்குத் தடையில்லை, எழுதச் சொல்வார்தான் இல்லை. கோயிலுக்கு மானியம் விட்ட அரசர்கள் போனபின் விதானத்திற்குப் புதுச் சாரம் கட்டுவார் யார்? 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறி ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். பிறகு நாள்காட்டிப் படங்கள் வந்தன. அது நல்லதே, ஹரிஜனங்களைக் கோயிலுக்குள் விடாத காலத்தில் தெய்வத்தின் திருவுருவம் அவர்கள் குடிசைக்கு வர வழியிருந்ததே என்று மகிழ்கிறோம். ஆனால் கண் காகிதத்திற்குப் பழகியபின் விதானத்தை மறந்தது. கும்பாபிஷேகம் என்றால் வெள்ளையடிப்பது என்று நம்மவர் பல ஊர்களில் நினைத்துவிட்டார்கள். பக்தியோடு பூசிய சுண்ணாம்பு மறைத்த சித்திரங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஸ்பானியப் பாதிரியாரின் தீக்கு ஒரு தேதியும் ஒரு பெயரும் சரித்திரத்தில் உண்டு. நம் சுண்ணாம்புக்கு இரண்டும் இல்லை.

சீர்திருத்த வழியில்லாமல் இல்லை. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய முசுகுந்தன் கதைச் சித்திரங்கள் புகையிலும் பூச்சிலும் மறைந்து கிடந்தன. 2008-ம் ஆண்டை ஒட்டி வல்லுநர்கள் அங்குலம் அங்குலமாகத் துடைத்து அவற்றை மீட்டார்கள். அவ்விடத்தில் எழுதியவன் தன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறான்: சிங்காதனன். கைகூப்பி நிற்கும் தன் உருவத்தையும் ஓரமாக எழுதிக்கொண்டான். எத்தனை இலட்சம் பேர் அந்த மண்டபத்தின்கீழ் நடந்திருப்பார்கள்! கூஸ்கோவின் கிஸ்பே டீட்டோவைப் பற்றி மேல்நாட்டில் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவருடைய காலத்தையே ஒட்டி வாழ்ந்த நம் சிங்காதனன் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை அறியும்?

அதியமான்கோட்டைக் கோயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆகவே இடிக்கப்படும் என்ற பயமில்லை. பயம் வேறிடத்தில் இருக்கிறது. விதானத்தில் காரை உதிர்ந்த இடங்களில் என்ன காட்சி இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள், கூத்தையும் பாரதப் பிரசங்கத்தையும் கேட்டு வளர்ந்த கிழவர்கள்தாம். நம்மோடு பேசிய பெரியவரைப் போன்றவர்களை மண்டபத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள அதிகப் பணம் வேண்டாம். தர்மபுரிப் பள்ளிகளின் தமிழாசிரியர் ஒருவரும் சித்திர ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம்.

நாம் புறப்படும்போது ஒரு சிறுவன், பெரியவரின் பேரன் போலும், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே விரல் நீட்டி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். பாட்டனார் அதட்டினார், அவன் எழுந்திருக்கவில்லை. அவன் கண்டுபிடித்த உபாயமே சிறந்தது என்று பட்டதால் நாமும் மேல்துண்டை விரித்துச் சிறிது நேரம் படுத்துப் பார்த்தோம். பிடரி வலிக்கவில்லை, கண்ணுக்கு முன் தெரியாத வரிசைகளும் தெரிந்தன. தர்மபுரிப் பக்கம் செல்லும் நேயர்கள் கையோடு ஒரு ஜமுக்காளம் எடுத்துச் செல்லுங்கள். அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓரமாக விரித்துக்கொள்ளுங்கள்.